லைவ் அக்காவின் கடைசி ஆள்

என் கல்யாணத்துக்கு லைவ் போடுவது பற்றிப் பேச வந்தவர், பத்திரிகையைக் கையில் வாங்கிப் படிக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டார். மண்டபம் எது, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மாப்பிள்ளை எந்த ஊர் என்று எதுவுமே கேட்கவில்லை.

“கடைசி ஆளு யாரு?” என்றார்.

என் அப்பா, நைனாவுக்குப் புரியவில்லை. “இன்னாம்மா கடைசி ஆளு?”

“பாக்கறவங்கள்ல ரொம்பத் தொலைவுல, ரொம்ப மோசமான நெட்டுல இருக்கறவங்க யாருணா? அவங்களுக்குப் போய்ச் சேர்ற மாதிரிதான் நான் வைப்பன். மத்தவங்களுக்குத் தானா போவும்.”

“அப்டி யாரும் இல்ல. பெங்களூர்ல மச்சான் இருக்கறாரு. சென்னையில ரெண்டு குடும்பம். எல்லாம் நல்ல நெட்டுதான்” என்றார் நைனா.

அம்மா பால் பொங்குகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் பாலே இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

செஞ்சியில் அவரை லைவ் அக்கா என்றால்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் அகலத்தில் அவர் கடை. வயது நாற்பத்தைந்து இருக்கும். சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. மற்றப் பெண்கள் தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள். இவர் ஊக்குகளோடு சிம் கார்டு எடுக்கிற குட்டிக் கம்பியையும் மாட்டி வைத்திருப்பார். மணிக்கட்டில் ஆம்பளை வாட்ச், அதுவும் முகம் உள்பக்கம் இருக்கும்படி. விநாடி முள் பெரியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த வாட்ச் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊரைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. லைவ் அக்காவுக்கு அது வேலையில் குறுக்கே நிற்கிற கல். “இந்த ராஜகிரி மட்டும் நாலடி தள்ளி இருந்திச்சின்னா எனக்கு ரெண்டு பாயிண்ட் சேத்து கெடைக்கும்” என்று ஒருநாள் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஏறுவார். ஒரு மாப் குச்சியின் நுனியில் மூன்று கம்பெனி சிம் போட்ட மூன்று செல்போன்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, அதைத் தூக்கிப் பிடித்தபடி மூலைக்கு மூலை நடப்பார். கீழே தெருவில் போகிறவர்கள் யாரோ மாங்காய் பறிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். எந்த மூலையில் சிக்னல் நிற்கிறதோ, அந்த மூலையில் தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு சேர்த்து அந்தக் குச்சியைக் கட்டிவிட்டு இறங்குவார்.

அவரை எனக்குக் கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த காலத்திலிருந்து தெரியும். நான் கணக்கு டீச்சர். செல்போனில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் புத்தக அலமாரி தெரியும்படி நாற்காலியைப் போட்டு, பவுடர் பூசி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக லைனிலிருந்து விழுந்துவிடுவார்கள். போனில் கோளாறோ என்று அவர் கடைக்கு எடுத்துப் போனேன். போனை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“கடைசிப் புள்ள யாரு, டீச்சர்?”

சீயமங்கலத்தில் ஒரு பெண். அவள் அப்பாவின் பழைய போன். ஊருக்குள் சிக்னல் எடுக்காது என்று குகைக் கோயில் பாறைமேல் ஏறி உட்கார்ந்துதான் வகுப்புக்கு வருவாள். இரண்டாவது கணக்கு முடிவதற்குள் காணாமல் போய்விடுவாள். இதைச் சொன்னேன்.

“அப்ப ஒங்க மூஞ்சிய அணைங்க.”

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. “பசங்க டீச்சரப் பாக்க வேணாமா?”

“ஒங்க மூஞ்சிய அவளுக்குத் தெரியும். கணக்குதான் தெரியாது. படத்த நிறுத்திட்டு பேசுங்க. கணக்க எழுதி போட்டோ புடிச்சி முன்னாடியே அனுப்பி வச்சிருங்க. பேச்சு மட்டும் நிக்காம போவட்டும்.”

மறுநாள் பவுடர் பூசாமல், தலைகூட வாராமல் வகுப்பு எடுத்தேன். சீயமங்கலத்துப் பெண் கடைசி வரைக்கும் இருந்தாள். முடியும்போது, “மிஸ், இன்னைக்குத்தான் விடை வரைக்கும் கேட்டேன்” என்றாள். அதுவரை நான் எடுத்த வகுப்புகளை நினைத்து வெட்கமாக இருந்தது.

இப்படிச் சொல்வதால் ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று நினைக்க வேண்டாம். திட்டு வாங்காமல் அவர் ஒரு வேலையை முடித்ததாக எனக்கு நினைவில்லை. கிரானைட் தரை போட்டு வீடு கட்டிய ஒருவர், கிரகப்பிரவேசத்தில் அந்தத் தரை பளபளவென்று தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருடைய மாமியார் கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது லைவ் அக்காவுக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. அவ்வளவுதான். மலைக்குப் போய்ச் சேரும் அளவுக்குப் படத்தைக் குறைத்ததில் கிரானைட் தரை சாணி மெழுகிய தரை மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரர் குதித்தார். “ரெண்டு விதமா அனுப்ப நம்ம ஊரு டவருக்குத் தெம்பு இல்ல சார். ஒண்ணுதான் போவும். அது அந்தம்மாவுக்குப் போவட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் வயரைச் சரிசெய்யப் போய்விட்டார்.

இன்னொரு கல்யாணத்தில் நடந்ததை இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள். இங்கே நடப்பது லைவில் போய்ச் சேர நாற்பது விநாடி ஆகும். மணமேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, கண்ணெதிரே நடக்கிற கல்யாணத்தையே கையில் இருந்த போனில் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி, கெட்டிமேளம் கொட்டி, மேளக்காரர்கள் கையை உதறிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பெரியம்மாவின் போனிலிருந்து ஐயர், “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கத்தினார். தவில்காரர் பதறிப்போய் இன்னொரு முறை வெளுத்துக் கட்டினார். கூட்டமும் பழக்க தோஷத்தில் இன்னொரு முறை அட்சதை போட்டது. மாப்பிள்ளை, கட்டிய தாலியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அபசகுனம் என்று பெண் வீட்டார் ஆரம்பித்தார்கள். லைவ் அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “மொதோ மேளம் இங்க இருக்கறவங்களுக்கு. ரெண்டாவது மேளம் துபாய்ல பாக்கறாரே, பொண்ணோட தாய்மாமா, அவருக்கு. அவருக்கு இப்பதான் தாலி ஏறுது” என்றார். பிறகு ஒரு கிழவர், “நாயம்தான்” என்றார். சண்டை அதோடு முடிந்தது.

அவரிடம் இன்னொரு குணம், வாக்குக் கொடுக்க மாட்டார். நல்லா வருமா என்று யார் கேட்டாலும், “போனா போவும். போவலன்னா போவாது. நான் நின்னு பாப்பன்” என்பார். தொழில் செய்கிறவர் பேசுகிற பேச்சா இது என்று நானே கேட்டிருக்கிறேன். மேல்மலையனூரில் அமாவாசையன்று காதுகுத்து வைத்திருந்த ஒரு குடும்பத்திடம், “அன்னைக்கு அவ்ளோ கும்பல்ல டவர் செத்துடும். படம் சத்தியமா வராது” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னபடியே ஆயிற்று. ஆனால் அவர் கும்பலுக்கு வெளியே வயல் வரப்பு வரைக்கும் அந்தக் குடும்பத்தை நடத்திக் கூட்டிப்போய், அங்கே பிடித்த ஒரு சாதாரண போன் காலில் குழந்தை அழுகிற சத்தத்தை வெளிநாட்டில் இருந்த அதன் அப்பாவுக்குக் கேட்க வைத்தார். பொய் சொல்லி ஒரு வேலை வாங்கினார் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டுக் கடைசி ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஓர் அண்ணன் உண்டு. சரக்குக் கப்பலில் எந்திரப் பகுதியில் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணை, வேறு சாதி, வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். நைனா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் ஏலம் கூவுகிறவர். அவர் விலை சொன்னால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கிறவனுக்கும் கேட்கும். அப்படிப்பட்ட குரல், நான்கு வருடமாக அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. அண்ணனுக்குப் பையன் பிறந்த செய்தியை அம்மா அழுதுகொண்டே சொன்னபோது கூட, “மோட்டார் போட்டியா, தொட்டியில தண்ணி இல்ல” என்றார். என் பத்திரிகையில் அண்ணன் பெயர் இல்லை. அவனுக்கு அழைப்பும் போகவில்லை. போயிருந்தாலும் வந்திருக்க முடியாது. அந்த மாதங்களில் கப்பலை விட்டு யாரையும் இறக்கவில்லை.

லைவ் அக்கா வீட்டுக்கு வந்துபோன மறுநாள் அவர் கடைக்கு நான் தனியாகப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், “எங்க இருக்கறாரு?” என்றார்.

“கப்பல்ல.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் அப்படியொரு சுறுசுறுப்பை நான் கண்டதில்லை. “டவரே கெடையாது. சாட்டிலைட்டு. அதையும் அத்தினி பேரும் பங்கு போட்டுப்பாங்க. இல்ல?”

“ஆமாக்கா. ஆளுக்கு இவ்ளோன்னு அளந்துதான் குடுப்பாங்களாம்.”

“நாலு நாளு இருக்குது. பாக்கலாம்.”

அண்ணனுக்கு மெசேஜில் சொல்லிவிட்டு, அடுத்த மூன்று நாளும் காலையில் கடைக்குப் போனேன். அண்ணன் வேலை முடித்து வரும் நேரம் அதுதான். லைவ் அக்கா தன் கடையிலிருந்தே லைவ் போடுவார். பார்க்கிறவன் அண்ணன் ஒருத்தன்தான். இவர் மைக்கில் ஒரு எண்ணைச் சொல்வார். அது காதில் விழுந்ததும் அவன் அதையே மெசேஜில் அனுப்ப வேண்டும்.

“பதினேழு.”

மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தபடி இருப்பார். நானும் அந்த முள்ளையே பார்ப்பேன். நாற்பது விநாடி தாண்டியதும் செல்போன் மினுக்கும். ‘17 கேட்டது. படம் நிக்குது.’

“படத்த வுடுங்க. முப்பத்தொண்ணு.”

‘31.’

வெறும் எண்கள்தான். ஆனால் எங்கள் வீட்டில் நான்கு வருடமாக நடக்காத பேச்சுவார்த்தை அந்த எட்டடிக் கடையில் நடந்துகொண்டிருந்தது. நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். லைவ் அக்கா அதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா தெரியாது. “பேச்சு போவுது. அது போதும்” என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்தன்று ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. அந்த ஐம்பது பேரிடமும், “தாலி கட்டற வரைக்கும் யாரும் ஸ்டேட்டஸ் போடாதீங்க, டேட்டாவ அணைச்சி வைங்க” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். படத்தை முதலில் சின்னதாக வைத்து ஆரம்பித்தார். ‘நிக்குது’ என்று அண்ணனிடமிருந்து வந்தது. இன்னும் குறைத்தார். மறுபடி ‘நிக்குது’. ஐயர் தாலியை எல்லோரிடமும் ஆசிக்கு அனுப்பிய நேரத்தில், லைவ் அக்கா படத்தை முழுவதும் நிறுத்திவிட்டார். கெட்டிமேளமும் மந்திரமும் மட்டும் போயின. என் கழுத்தில் தாலி ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து, மூலையில் இருந்த அவர் என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். அண்ணனுக்குக் கேட்டுவிட்டது.

ஆனால் பெங்களூரில் மாமா பெரிய டிவிக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கருப்பு. அவர் போட்ட போனைக் காதில் வைத்துக்கொண்டே நைனா மேடையிலிருந்து இறங்கி மூலைக்குப் போனார்.

“இன்னாம்மா நீ? மச்சான் டிவியில கருப்பா பாத்துனு இருக்கறாரு. இதுக்கா ஒன்னக் கூப்டோம்?”

“கடைசி ஆளுக்குப் போவலணா. அதான் நிறுத்திட்டன்.”

“எவன் கடைசி ஆளு? நான்தான் யாரும் இல்லன்னேனே.”

“கப்பல்ல ஒருத்தரு பாக்கறாரு” என்றார் லைவ் அக்கா.

போனில் மாமா, அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தார். நைனா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேடையில் ஐயர் குரல் கொடுத்தார். “பொரி போடணும். பொண்ணோட கூடப் பொறந்தவர் வாங்கோ.”

சித்தப்பா பையன் போடுவது என்று ஏற்பாடு. அவனும் எழுந்து வந்தான். நைனா மட்டும் மூலையை விட்டு நகரவில்லை. லைவ் அக்கா மேசைமேல் இருந்த மைக்கை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. அவள் சொல்லித்தான் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

“படம் போவலணா. ஒங்க மூஞ்சி அங்க தெரியாது. பேச்சும் நாப்பது செகண்டு கழிச்சிதான் கேக்கும். எதுனா சொல்றதுன்னா சொல்லுங்க. சொன்னப்புறம் வேணாம்னு தோணுச்சின்னா கையத் தூக்குங்க. அதுக்குள்ள நான் நிறுத்திடறன்.”

நைனா மைக்கை வாங்கினார். மண்டியில் அந்தக் கை மைக் பிடித்ததே கிடையாது. அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது, ஆனால் எனக்கு அது அவர் குரல் மாதிரியே இல்லை.

“டேய். ஒன் தங்கச்சிக்குப் பொரி போடணுமாம். ஐயர் கூப்டறாரு. நீ இருந்து போட வேண்டியது. இப்ப சித்தப்பா பையன் போடறான். நீ போட்டதா நெனைச்சிக்க.” நிறுத்தினார். மூச்சு விடுவது மைக்கில் கேட்டது. “எறங்கனதும் மருமவளயும் பையனயும் இட்டுனு நேரா வூட்டுக்கு வா.”

மைக்கை மேசையில் வைத்தார். லைவ் அக்கா ஒரு விரலை லேப்டாப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, மணிக்கட்டைத் திருப்பினார். சித்தப்பா பையன் பொரித் தட்டோடு நின்றான். பத்து விநாடி, இருபது விநாடி. நைனாவின் வலது கை மெல்ல மேலே எழுந்தது. அம்மா அவர் சட்டையைப் பிடித்தே விட்டாளாம். அந்தக் கை தோள் வரைக்கும் போய், துண்டை இழுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கியது.

லைவ் அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். “போயிட்டுதுணா.”

நாற்பது விநாடி ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றரை நிமிடமும் ஆயிற்று. நைனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் லைவ் அக்காவின் போன் மினுக்கியது. எண் இல்லை, எழுத்தும் இல்லை, குரல். அதைத் திறந்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். முதலில் எந்திரம் ஓடுகிற இரைச்சல்தான் கேட்டது. பிறகு அண்ணன்.

“சரி நைனா.”

அவ்வளவுதான். என் கையில் பொரி விழுந்தது. நான் அழுத அழுகையில் பாதிப் பொரி அக்கினிக்கு வெளியே போயிற்று. பெங்களூர் மாமா கருப்பு டிவியில் இதையெல்லாம் கேட்டு, படம் வராததைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தை மாதம் அண்ணன் வந்தான். அண்ணியையும் பையனையும் கூட்டிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினான். நைனா மண்டிக்குப் போகாமல் அங்கே முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தார். இப்போது அந்தப் பையன் தாத்தாவோடு மண்டிக்குப் போய் விலை கூவுகிறான். இரண்டு பேர் சத்தமும் சேர்ந்து காது கொடுக்க முடியாது.

லைவ் அக்கா இப்போது செஞ்சியில் இல்லை. மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, அவரும் கூடப் போய்விட்டார். அங்கேயும் ஏதோ மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடம் அனுப்புகிற இடத்தில் இருக்கிறார் என்று கேள்வி. நைனா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “அந்தம்மா நிறுத்தறன்னு பட்டன்மேல கைய வச்சினு நின்னுச்சி. நாப்பது செகண்டு டைம் இருந்திச்சி. நான்தான், வேணாம், போவட்டும்னு வுட்டுட்டன்.”

லைவ் அக்கா கடையைக் காலி செய்த அன்று நான் உதவிக்குப் போயிருந்தேன். மாப் குச்சியிலிருந்து ரப்பர் பேண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நைனா கையத் தூக்கியிருந்தா, நெஜமாவே நிறுத்தியிருப்பீங்களா?”

அவர் சிரித்தார்.

“எங்க நிறுத்தறது டீச்சர்? வாய வுட்டு வந்ததுமே அது கெளம்பிட்டுது. போய்ச் சேரத்தான் நாப்பது செகண்டு.”